எல்லைக்கு எல்லை இல்லை

சங்க மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று செயலாளர் கேட்கும்போதெல்லாம், "ரயில் பாதையைத் தவிர எனக்கு என்ன சார் தெரியும்?" என்று சொல்லித் தப்பித்து வந்தவன் நான். இந்த முறை நானே பேனாவை எடுத்துவிட்டேன். காரணம், சென்ற சில மாதங்களாக எங்கள் நியூ டவுன் வீட்டில் நடந்துவரும் ஒரு வழக்கு. நம் அன்பர்கள் பலருடைய வீட்டிலும் இதே வழக்கு வேறு பெயரில் நடந்துகொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

என் அண்ணனின் பேத்தி எம்.எஸ்ஸி. கணிதம் படிப்பதற்காகக் கொல்கத்தா வந்து எங்களுடன் தங்கியிருக்கிறாள். நான் அவளுக்குச் சின்னத் தாத்தா. முதல் பருவத் தேர்வில் ஒரு தாளில் நூற்றுக்கு 31 வாங்கினாள். செய்தி தாம்பரத்துக்குப் போன அன்று இரவே அவள் அப்பாவிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது.

"சித்தப்பா, நீங்கதான் அவகிட்ட எடுத்துச் சொல்லணும். உங்க நியூ டவுன்லயே எத்தனை கம்பெனி இருக்கு! ஏதாவது கம்ப்யூட்டர் கோர்ஸ் படிச்சா ஆறு மாசத்துல வேலை. இந்தக் கணக்கைப் படிச்சு என்ன ஆகப் போகுது?"

உண்மையைச் சொன்னால் என் மனத்தில் இருந்ததும் அதே கேள்விதான். நான் 1979ல் சிவில் டிப்ளமா முடித்து, 1982ல் கரக்பூரில் ரயில்வே வேலையில் சேர்ந்து, 37 ஆண்டுகள் பாதையிலேயே நடந்து ஓய்வு பெற்றவன். படிப்பு என்றால் அதன் மறுமுனையில் வேலை இருக்க வேண்டும் என்று வளர்ந்த தலைமுறை. மறுநாள் சாப்பிடும்போது, "இதைப் படித்தால் சோறு கிடைக்குமா அம்மா?" என்று கேட்டுவிட்டேன். அவள் பதில் சொல்லாமல் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். "கேட்ட கேள்வி சரி, கேட்ட நேரம் சரியில்லை" என்றாள் என் மனைவி.

சாயங்காலம் சமாதானமாகப் பேசலாம் என்று போனேன். "அப்படி என்னதான் பாடம் அது?" என்றேன். "உங்களுக்குப் புரியாது தாத்தா" என்றாள். அவள் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் டிப்ளமாக்காரனாகிய நான் இந்த வார்த்தையைப் பட்டம் பெற்றவர்கள் வாயால் பணிக்காலம் முழுவதும் கேட்டவன். அதனால் ஒரு பந்தயம் வைத்தேன். "தினமும் அரை மணி நேரம் எனக்கு வகுப்பு எடு. ஒரு மாதம் பார்ப்போம். எனக்குப் புரிந்தால் உனக்காக உன் அப்பாவிடம் பேசுகிறேன். புரியாவிட்டால் உன் அப்பாவுக்காக உன்னிடம் பேசுகிறேன்."

அவள் 31 வாங்கிய பாடத்தின் பெயர் ஹோமாலஜிகல் அல்ஜீப்ரா. அதன் முதல் அத்தியாயம் 'செயின் காம்ப்ளெக்ஸ்'. தமிழில் சங்கிலித் தொகுதி என்று வைத்துக்கொள்வோம். ரயில்வேக்காரனுக்குச் செயின் என்றால் இரண்டுதான் தெரியும். ஒன்று அபாயச் சங்கிலி. மற்றது 66 அடி நீள அளவைச் சங்கிலி. இது மூன்றாவது.

அப் லைன், டவுன் லைன்

வாசகர்கள் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டால் நல்லது.

தாளில் அ, ஆ என்று இரண்டு புள்ளிகள் வையுங்கள். அவற்றை இரண்டு ஸ்டேஷன்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றை இணைத்து ஒரு கோடு போட்டு, அ விலிருந்து ஆ வுக்கு ஓர் அம்புக்குறி இடுங்கள். இந்தக் கோட்டின் 'எல்லை' எது? அதன் இரண்டு முனைகள். ஆனால் வண்டி கிளம்பிய இடமும் போய்ச் சேர்ந்த இடமும் ஒன்றல்ல. ஆகவே சேர்ந்த ஊருக்கு கூட்டல் குறி, கிளம்பிய ஊருக்குக் கழித்தல் குறி. கோட்டின் எல்லை ஆ − அ. அதே கோட்டில் எதிர்த்திசையில் வந்தால் எல்லை அ − ஆ. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். அப் லைனில் போய் டவுன் லைனில் திரும்பிவிட்டால் நிகரக் கணக்கில் நாம் எங்கும் போகவில்லை. இவ்வளவுதான் குறிகளின் இரகசியம்.

சங்கிலி என்பது இப்படிப்பட்ட துண்டுகளைக் குறியோடு கூட்டி எழுதிய ஒரு பட்டியல். துண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. "கூட்டல் கணக்கு தாத்தா, பயந்துக்காதீங்க" என்றாள் பேத்தி. பயம் பாதி போயிற்று.

இப்போது இ என்று மூன்றாவது புள்ளி வைத்து முக்கோணமாக்கி, உள்ளே பென்சிலால் தீற்றி நிரப்புங்கள். நிரம்பிய முக்கோணத்தின் எல்லை எது? சுற்றி இருக்கும் மூன்று கோடுகள். அ விலிருந்து ஆ, ஆ விலிருந்து இ, இ யிலிருந்து மீண்டும் அ.

சரி, அந்த எல்லையின் எல்லை எது? மூன்று கோடுகளின் முனைகளையும் கூட்டிப் பாருங்கள்.

(ஆ − அ) + (இ − ஆ) + (அ − இ) = 0

எல்லாம் அடிபட்டுப் போயிற்று. எல்லைக்கு எல்லை இல்லை. முக்கோணத்துக்குப் பதில் பத்துப் பக்க உருவம் எடுத்தாலும், கன உருவம் எடுத்தாலும் இதே விடைதான். வயலைச் சுற்றி வரப்பு உண்டு. ஆனால் வரப்புக்குத் தொடக்கமும் முடிவும் கிடையாது.

சங்கிலித் தொகுதி என்பது இந்த ஒரு விதிதான். பரப்புகளின் பட்டியல் ஒன்று, அதன் கீழே கோடுகளின் பட்டியல், அதன் கீழே புள்ளிகளின் பட்டியல். மேல் படியிலிருந்து கீழ்ப்படிக்கு 'எல்லை எடு' என்று ஓர் அம்பு. அடுத்தடுத்த இரண்டு அம்புகளைக் கடந்தால் எப்போதும் பூஜ்யம். படிகள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். விதி மாறாது.

"இதற்கா 31?" என்று கேட்டேன். "இதுக்கு இல்ல தாத்தா, இதுக்கு அப்புறம் வர்ற கேள்விக்கு" என்றாள்.

அடுத்து வரும் கேள்வி

எல்லை பூஜ்யமாக உள்ள கோட்டுச் சங்கிலியை 'சுற்று' என்போம். தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வது. நம் வாசலில் போடும் சிக்குக் கோலத்தின் இழை ஒரு சுற்று. எங்கே தொடங்கியது என்று போட்டவர்தான் சொல்ல முடியும். (சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி முதலியோர் கோலங்களைக் கணித இலக்கணமாக ஆராய்ந்து 1974ல் கட்டுரை வெளியிட்டார்கள் என்பது நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி.)

நிரம்பிய ஒரு பரப்பின் எல்லை எப்போதும் ஒரு சுற்று. இது மேலே பார்த்த விதி. இதைத் திருப்பிக் கேளுங்கள். ஒவ்வொரு சுற்றும் ஏதோ ஒரு பரப்பின் எல்லையாக இருந்தே தீர வேண்டுமா?

வேண்டியதில்லை. இங்கே எங்கள் ஈகோ பார்க்கில் காலை நடை போகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். ஏரியைச் சுற்றிக் கரையோடு நடந்து தொடங்கிய இடத்துக்கே வருகிறோம். நாம் நடந்தது சுற்று. ஆனால் அந்தச் சுற்றுக்குள் இருப்பது தரையல்ல, தண்ணீர். தரையை மட்டும் கணக்கில் எடுத்தால் இந்தச் சுற்று எந்தத் தரைப் பரப்புக்கும் முழு எல்லையாகாது. புல்வெளியில் ஒரு கயிற்றை வட்டமாகப் போட்டால் அதை இழுத்து ஒரு புள்ளியாகச் சுருக்கிவிடலாம். ஏரியைச் சுற்றிப் போட்ட கயிற்றைத் தரையை விட்டு விலகாமல் சுருக்க முடியாது. நடுவே ஓட்டை இருக்கிறது.

எல்லா சுற்றுகளையும் எடுத்துக்கொண்டு, அவற்றில் பரப்பின் எல்லையாக வருபவற்றையெல்லாம் பூஜ்யம் என்று தள்ளிவிட்டால், மிச்சம் நிற்பதுதான் ஹோமாலஜி. மிச்சம் எத்தனை வகையோ அத்தனை ஓட்டைகள். உருவத்தைக் கண்ணால் பார்க்காமல், கூட்டல் கழித்தலாலேயே ஓட்டையை எண்ணிவிடலாம் என்பதுதான் இதன் விசேஷம்.

நமக்குத் தெரிந்த ரயில் வழிகளில் எண்ணிப் பார்ப்போம். ஆறு சந்திப்புகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: பாலி, டான்குனி, சக்திகர், பண்டேல், நைஹாட்டி, டம்டம். இவற்றை இணைக்கும் பாதைகள் ஏழு. மெயின் லைனில் பாலி–பண்டேல், பண்டேல்–சக்திகர். கார்டு லைனில் பாலி–டான்குனி, டான்குனி–சக்திகர். ஹூக்ளிப் பாலத்தின் வழியே பண்டேல்–நைஹாட்டி. பிறகு நைஹாட்டி–டம்டம், டம்டம்–டான்குனி. படம் போட்டுப் பார்த்தால் மூன்று சுற்றுகள் தெரியும். ஆனால் தனித்தன்மை உள்ளவை இரண்டே.

முதல் சுற்று: பாலி, பண்டேல், சக்திகர், டான்குனி, பாலி. இரண்டாவது: பண்டேல், நைஹாட்டி, டம்டம், டான்குனி, சக்திகர், பண்டேல். இரண்டையும் கூட்டுங்கள். பண்டேலுக்கும் டான்குனிக்கும் இடையே சக்திகர் வழியாக உள்ள பாதையில் முதல் வண்டி ஒரு திசையிலும் இரண்டாவது வண்டி எதிர்த்திசையிலும் போவதால் அந்தப் பகுதி அடிபட்டுப் போகிறது. மிச்சம் இருப்பது பாலி, பண்டேல், நைஹாட்டி, டம்டம், டான்குனி, பாலி. அதுதான் படத்தில் தெரிந்த மூன்றாவது சுற்று. அது புதிது அல்ல; முதல் இரண்டின் கூட்டுத்தொகை.

இதற்கு எளிய சூத்திரம் உண்டு. பாதைகளின் எண்ணிக்கையிலிருந்து சந்திப்புகளின் எண்ணிக்கையைக் கழித்து ஒன்றைக் கூட்டுங்கள். 7 − 6 + 1 = 2. (எல்லா ஊர்களும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால்தான் ஒன்றைக் கூட்ட வேண்டும்.) சென்னை, செங்கல்பட்டு, அரக்கோணம் மூன்றையும் இணைக்கும் வட்டப் பாதையைப் போட்டுப் பாருங்கள். 3 − 3 + 1 = 1. ஒரே சுற்று.

குளக்கரையில் ஒரு பாடம்

இந்த இடத்தில் நான் வகுப்பை நிறுத்தச் சொன்னேன். "அம்மா, இதை நான் 1985லேயே பார்த்திருக்கிறேன்" என்றேன். அவள் நம்பவில்லை. அந்தக் கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

வேலையில் சேர்ந்து மூன்றாம் ஆண்டு. ஒரு சிறிய ஸ்டேஷனை ஒட்டி, பாதையின் மண்கரைக்கு அருகே பெரிய குளம். குளத்தைச் சுற்றி வடிகால் அமைக்க லெவல் எடுக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. என் மேலே இருந்தவர் ஒரு வங்காளப் பெரியவர். முதல் நாள் வேலை முடித்து வந்ததும் என்னைப் பார்த்து "மிலேச்சே?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் ஊரில் மிலேச்சன் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். பிறகுதான் தெரிந்தது, வங்காளத்தில் 'கணக்குப் பொருந்திவிட்டதா?' என்று கேட்டிருக்கிறார்!

அவருடைய முறை இது. குளத்தைச் சுற்றி இரண்டு வரிசையாக முளைகள் அடிக்க வேண்டும். அடுத்தடுத்த மூன்று முளைகளை ஒரு முக்கோணமாக எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதன் உயர வித்தியாசத்தை அளந்து, சுற்றி வந்து கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். நான்கடி ஏறி மூன்றடி இறங்கினால் இன்னும் ஓரடி இறங்கினால்தானே தொடங்கிய இடம்? அந்தப் பூஜ்யம் வராவிட்டால் அளவையில் பிழை. மறுபடி அளக்க வேண்டும்.

ஆறு நாள் வேலை. மூன்றாம் நாள் இரவு பெரும் மழை. ஆறாம் நாள், கடைசி முக்கோணம் முதல் நாள் அடித்த இரண்டு முளைகளோடு வந்து சேர்ந்தது. அதுவும் பொருந்தியது. எல்லா முக்கோணமும் சரி என்று நோட்டை நீட்டினேன். பெரியவர் என்னைப் பார்த்து, "குளத்தை ஒரு முழுச் சுற்று கூட்டிப் பார்த்தாயா?" என்றார். "ஒவ்வொன்றும் சரியாக இருக்கும்போது மொத்தம் எப்படிச் சார் தப்பாகும்?" என்றேன். கூட்டிப் பார்த்தேன். 40 மில்லிமீட்டர் இடித்தது.

இரவு முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டேன். எந்த முக்கோணத்திலும் பிழை இல்லை. மொத்தத்தில் பிழை. விடிந்ததும் பெரியவரே வந்து விளக்கினார். மழையில் கரையின் ஒரு பகுதி இறங்கியிருக்கிறது. அந்தப் பகுதியில்தான் நான் தொடங்கிய இரண்டு முளைகளும் இருந்தன. இரண்டும் சேர்ந்து ஒரே அளவு இறங்கியதால் அவற்றின் இடையே உள்ள வித்தியாசம் மாறவில்லை. ஆகவே கடைசி முக்கோணமும் பொய் சொல்லவில்லை. நான் முதல் நாள் கிளம்பிய முளையும் ஆறாம் நாள் திரும்பி வந்த முளையும் பெயரளவில் ஒன்று, உயரத்தில் வேறு.

அன்றே அந்த இடத்தில் வண்டிகள் மெதுவாகச் செல்ல உத்தரவு போட்டு, கரையைப் பலப்படுத்தினோம். முக்கோணங்களை மட்டும் நம்பியிருந்தால் கரை இறங்குவது எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கரையின் மேல் தினமும் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

பேத்தி என் கதையைக் கேட்டு நோட்டில் ஒரு படம் போட்டாள். "தாத்தா, குளத்தைச் சுத்தாத எந்தச் சுற்றையும் முக்கோணங்களோட கூட்டலா எழுதலாம். பக்கத்துப் பக்கத்து முக்கோணங்களுக்குப் பொதுவான கோடு ஒண்ணுல அப், இன்னொண்ணுல டவுன். அடிபட்டுப் போயிடும். அதனால ஒவ்வொரு முக்கோணமும் பூஜ்யம்னா அந்தச் சுற்றும் தானா பூஜ்யம். ஆனா குளத்தைச் சுத்தற சுற்று முக்கோணங்களோட எல்லைக் கூட்டல் இல்ல. அதுக்குப் பூஜ்யமா இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அதைத் தனியாத்தான் பார்க்கணும்." சொல்லிவிட்டு அவளே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாள். "பரீட்சையில கேட்டது இதேதான் தாத்தா. நான் சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன்" என்றாள்.

பாரக்பூர் சாலையில் ஒரு கோபுரம்

என் குளம் சிறியது. இதே பிரச்சினையை இந்தியா முழுவதற்கும் சந்தித்தவர்கள் உண்டு. அந்தக் கதை சென்னையில் தொடங்கிக் கொல்கத்தாவுக்கு வருவதால் நமக்கு இரட்டிப்பு உரிமை.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதுதான் மாபெரும் முக்கோண அளவையின் தொடக்கம். ஒரு கோட்டை மட்டும் சங்கிலியால் துல்லியமாக அளந்துகொண்டு, மற்றபடி கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாக நாடு முழுவதும் நகர்வது அதன் முறை. தென்னாட்டில் லாம்ப்டன் முக்கோணங்களை வலைபோல நிரப்பிக்கொண்டே போனார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட், இப்படிப் போனால் செலவும் காலமும் கட்டுப்படியாகாது என்று முறையை மாற்றினார். ஜன்னல் கம்பிகளைப் போல வடக்கு தெற்காகச் சில முக்கோண வரிசைகள், அவற்றை இணைக்கக் கிழக்கு மேற்காகச் சில வரிசைகள், நடுவே வெற்றிடம். இந்த வரிசைகளுக்கு அளவைத் துறையில் வழங்கிய பெயரே முக்கோணச் சங்கிலி.

கணிதக்காரர்களின் சங்கிலிக்கு இந்தச் சங்கிலியிலிருந்துதான் பெயர் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பிரச்சினை ஒன்றே. நிரம்பிய வலையில் முக்கோணங்கள் ஒன்றையொன்று காவல் காக்கும். ஜன்னல் முறையிலோ ஒவ்வொரு வெற்றிடமும் ஒரு குளம். அதைச் சுற்றி வரும் முக்கோணங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாகத் தோன்றினாலும், திரும்பி வந்து சேரும்போது நீளமும் திசையும் சிறிது இடிக்கும். அந்தச் சுற்றுகளைத் தனியே பொருத்த வேண்டும். பின்னாளில் கணக்கைச் சமன்செய்தபோது நாட்டை நான்கு நாற்கரங்களாகவும் தெற்கே ஒரு முக்கோணமாகவும் பிரித்துக்கொண்டுதான் செய்ய முடிந்தது.

1831–32ல் கொல்கத்தாவிலும் ஓர் அடிக்கோடு அளந்தார்கள். பாரக்பூர் டிரங்க் ரோட்டை ஒட்டி, சுமார் ஆறரை மைல். இந்தச் சமவெளியில் மலை ஏது? ஆகவே இரு முனைகளிலும் கோபுரம் கட்டினார்கள். அந்த அளவைக் கோபுரத்தை பி.டி. ரோட்டில் இன்றும் பார்க்கலாம். பஸ்ஸில் போகும்போது பழைய தண்ணீர்த் தொட்டி என்று நினைத்துவிடாதீர்கள். 1831ல் இந்தத் துறையில் கணக்காளராகச் சேர்ந்த வங்காள இளைஞர் ராதாநாத் சிக்தர்தான் பின்னாளில் தலைமைக் கணக்காளராகி, 15ஆம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது என்று 1852ல் கணக்கிட்டவர். அந்தச் சிகரத்துக்கு எவரெஸ்ட் பெயர் வைத்தார்கள். சிக்தர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

உருவம் போய், அம்பு மட்டும்

கணிதத்தில் இந்தக் கருத்து மெதுவாகத்தான் வளர்ந்தது. 1871ல் இத்தாலியின் பெட்டி, 1895ல் பிரான்சின் புவான்கரே ஆகியோர் ஓட்டைகளை எண்ணத் தொடங்கினார்கள். 1920களில் எமி நோய்தர் அம்மையார், எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள், மிச்சம் நிற்கும் சுற்றுகள் தமக்குள் கூட்டிக் கழிக்கக்கூடிய ஒரு குலமாக இருப்பதைப் பாருங்கள் என்று காட்டினார். 1929ல் வால்தர் மாயர் உருவத்தையே எடுத்துவிட்டு, பட்டியல்களும் அம்புகளும் மட்டும் கொண்ட சங்கிலித் தொகுதியை எழுதினார்.

உருவம் இல்லாமல் என்ன மிச்சம் என்று கேட்டேன். பேத்திக்குச் சொல்லத் தெரியவில்லை. நான்தான் ரயில்வே பாஷையில் சொல்லிப் பார்த்தேன். முதல் யார்டிலிருந்து இரண்டாவது யார்டுக்கு வரும் வேகன்கள் எல்லாம் மூன்றாவது யார்டில் காலியாகவே போய்ச் சேரும் என்று ஒரு விதி. ஆனால் மூன்றாவது யார்டில் காலியாக வந்து நிற்கும் வேகன்கள் எல்லாம் முதல் யார்டிலிருந்து கிளம்பியவைதானா? இல்லாதவை எத்தனை? அந்த மிச்சத்தைக் கேட்பதுதான் ஹோமாலஜி. அவள் கைதட்டினாள்.

இந்தத் துறைக்கு அடிப்படையான நூலை 1956ல் ஹென்றி கார்டனும் சாமுவேல் ஐலன்பர்க்கும் எழுதினார்கள். ஐலன்பர்க் 1950களில் பம்பாய் வந்தபோது நம் நாட்டுச் சிற்பங்களில் மனம் பறிகொடுத்துச் சேகரிக்கத் தொடங்கியவர். அந்தச் சேகரிப்பின் பெரும்பகுதி பின்னாளில் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது.

நம் பக்கத்துப் பங்கும் உண்டு. 1937ல் இந்தியா வந்த சார்ல்ஸ் ரசீன் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் திருச்சியிலும் பிறகு சென்னை லயோலா கல்லூரியிலும் கணிதம் கற்பித்தார். கார்டன் போன்றோரின் புதிய பிரெஞ்சுக் கணிதத்தை அறிந்தவர். அவரிடம் படித்த மாணவர்களில் ஒருவர் காஞ்சிபுரத்தில் 1932ல் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி. 1955ல் பிரான்சின் ஸெர் ஒரு கேள்வி எழுப்பியிருந்தார். பல மாறிகள் கொண்ட கோவைகளின் மேல் அமையும் ஒருவகைக் கட்டமைப்புகள், பார்வைக்கு முறுக்கிக்கொண்டிருப்பதுபோல் இருந்தாலும் உண்மையில் முறுக்கு ஏதும் இல்லாதவைதானா என்பது கேள்வி. இரண்டு மாறிகளுக்கு 'ஆம்' என்று 1958ல் நிரூபித்தவர் சேஷாத்ரி. எத்தனை மாறிகளானாலும் 'ஆம்' என்று குவில்லனும் சுஸ்லினும் தனித்தனியே நிரூபிக்க 1976 ஆயிற்று. சேஷாத்ரி 1989ல் சென்னையில் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்று சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம். கர்நாடக இசையும் நன்றாகப் பாடுவாராம். 2020ல் காலமானார்.

சோறு கிடைக்குமா?

நான் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பயன் இல்லாமல் இல்லை. ஓரிடத்தில் ஏராளமான உணர்கருவிகளை இறைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. எதற்கு எது பக்கத்தில் என்பது மட்டும் தெரியும். இடம் முழுவதும் கண்காணிப்பில் இருக்கிறதா, நடுவே ஓட்டை உண்டா? பக்கத்துப் பக்கத்துக் கருவிகளைக் கோடாகவும் முக்கோணமாகவும் எழுதி ஹோமாலஜி கணக்கிட்டே, ஓட்டை இல்லை என்று உறுதி சொல்லக்கூடிய நிலைகள் உண்டு என்று டி சில்வா, கிறிஸ்ட் என்ற இருவர் 2007ல் காட்டினார்கள். 2011ல் மார்பகப் புற்றுநோய்த் தகவல்களின் 'வடிவத்தை' ஆராய்ந்து, நல்ல முறையில் பிழைத்திருக்கும் ஒரு நோயாளிப் பிரிவை இதே குடும்பத்தைச் சேர்ந்த முறைகளால் பிரித்துக் காட்டினார்கள்.

மாதம் முடிந்ததும் தாம்பரத்துக்கு நானே ஃபோன் செய்தேன். இந்தப் பயன்களையெல்லாம் சொன்னேன். "வேலைக்கு உத்தரவாதம் உண்டா சித்தப்பா?" என்று கேட்டான். இல்லை என்றுதான் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஆனா உன் பொண்ணுக்கு மூளை இல்லேன்னு மட்டும் நினைக்காதே. அவ 31 வாங்கினது கணக்கு வராததால இல்ல, படம் போட்டுச் சொல்லிக்குடுக்க ஆள் இல்லாததால. அறுபத்தாறு வயசு டிப்ளமாக்காரனுக்கே புரிய வெச்சுட்டா. நாப்பது வருஷமா எனக்கு விளங்காத ஒண்ணை விளக்கிட்டா" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "சரி சித்தப்பா, அடுத்த பருவம் வரைக்கும் பார்க்கலாம்" என்றான். வழக்கு தள்ளுபடி ஆகவில்லை, வாய்தா கிடைத்தது.

மறுதேர்வு எழுதிவிட்டாள். முடிவு இன்னும் வரவில்லை. அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் "மிலேச்சே?" என்று கேட்டேன். "ஒரு கணக்கு மட்டும் மூடல தாத்தா, மத்ததெல்லாம் மிலேச்சே" என்றாள். என் மனைவி சூடாகக் காபி கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்பர்களே, ஊரை விட்டு வந்து வேலையால் வாழ்ந்தவர்கள் நாம். பிள்ளைகளும் வேலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பதறுவது இயல்பு. தவறென்று சொல்ல மாட்டேன். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளை "உங்களுக்குப் புரியாது" என்று சொன்னால் கோபித்துக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பாதி உங்களுக்குப் புரியும். மீதிப் பாதி, சொல்லிக்கொண்டு வரும்போதே பிள்ளைக்குப் புரிந்துவிடும்.